உழைப்பு வேண்டும், உழைப்பாளி வேண்டாமா?

(கள்ளக்குறிச்சியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கரும்பு வெட்டுக் கூலியையும் அரிசி ஆலைச் சுமைக் கூலியையும் பற்றிப் பேச வேண்டிய கூட்டத்தில் லண்டனையும் கனடாவையும் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த ஊர்களை நாம் தேடிப் போகவில்லை. அவை நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. அதனால்தான் பேசுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் இந்த ஊர் அரிசி ஆலை ஒன்றில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் எங்களிடம் வந்தார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர், மலையாளிப் பழங்குடி. அவருடைய தகப்பனார் ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்தவர். இவர் முப்பது வருஷம் முதுகில் மூட்டை சுமந்து, கோமுகி அணைப் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறார். மகன் இஞ்சினீயரிங் முடித்துவிட்டு, படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் ஒரு கடையில் கணக்கு எழுதிக் கொண்டிருக்கிறான். ஒரு ஏஜெண்டு வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

“ஒரு வருஷம் படிப்பாம், ரெண்டு வருஷம் வேலையாம், அப்புறம் அங்கேயே நிரந்தரமாம். முப்பது லட்சம் ஆகுமாம். நிலத்தை ஈடு வைக்கட்டுமா தோழர்?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இன்றையப் பேச்சு.

“போகாதே” என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பண்ணையார் மகன் பாரிஸ்டர் படிக்கக் கப்பலேறிய காலம் ஒன்று உண்டு. மூட்டை தூக்குகிறவன் மகன் விமானம் ஏறுவதை நாம் தடுக்க மாட்டோம், பெருமைதான் படுவோம். ஆனால் எதை விலை கொடுத்து வாங்குகிறோம் என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

மூன்று கதவுகள்

வெளிநாட்டில் படித்தவன் அங்கே நிலைத்து வாழ மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். முதல் கதவு மாணவர் விசா. இதைப் பணம் கட்டித் திறக்கலாம். இரண்டாவது, படித்து முடித்தபின் கொஞ்ச காலம் வேலை பார்க்க அனுமதி. மூன்றாவது, நிரந்தரமாக வசிக்கும் உரிமை. இது குடியுரிமைகூட அல்ல. “வெளியே போ” என்று சுலபமாகச் சொல்ல முடியாது என்கிற அளவுக்கு ஒரு பாதுகாப்பு.

ஏஜெண்டு மூன்று கதவையும் ஒரே விலையில் விற்கிறார். ஆனால் ரசீது கிடைப்பது முதல் கதவுக்கு மட்டும்தான். மற்ற இரண்டின் சாவியும் அந்த நாட்டு சர்க்காரின் கையிலும் முதலாளியின் கையிலும் இருக்கிறது. அவர்கள் நினைத்த நேரத்தில் பூட்டை மாற்றுகிறார்கள்.

பிரிட்டனைப் பாருங்கள். படித்து முடித்தவர்கள் இரண்டு வருஷம் வேலை பார்க்கலாம் என்றிருந்த விசாவை 2012 ஏப்ரலில் மூடினார்கள். 2021 ஜூலையில் மீண்டும் திறந்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அது பதினெட்டே மாதம் என்று 2025ல் அறிவித்தார்கள். அப்படி வேலை பார்க்கும் காலம் நிரந்தரவாசத்துக்கான ஐந்து வருஷக் கணக்கில் சேரவும் சேராது. அந்தக் கணக்கு தொடங்க வேண்டுமானால் உரிமம் பெற்ற ஒரு முதலாளி வேலை தந்து கையெழுத்திட வேண்டும். அதற்கும் சம்பள வரம்பு உண்டு. வருஷத்துக்கு 26,200 பவுண்டு என்றிருந்த பொது வரம்பு 2024 ஏப்ரலில் 38,700 ஆயிற்று. 2025 ஜூலையில் 41,700 ஆயிற்று. புதிதாகப் படித்து முடித்தவர்களுக்குச் சலுகை வரம்பு என்பதே 33,400 பவுண்டு. இதற்கும் மேலே, ஐந்து வருஷத்தில் கிடைத்து வந்த நிரந்தரவாச உரிமைக்குப் பொதுவாகப் பத்து வருஷம் காத்திருக்கச் செய்யப் போவதாக 2025 மே மாதம் அறிவிப்பு வந்தது.

அமெரிக்காவில் படித்தவனுக்கு ஒரு வருஷம் வேலை அனுமதி. விஞ்ஞானம், இஞ்சினீயரிங் படித்தவனுக்கு இன்னும் இரண்டு வருஷம். முதல் வருஷத்தில் மொத்தம் தொண்ணூறு நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் அனுமதி போய்விடும். அதன் பின் எச்-1பி விசா. வருஷத்துக்கு 85,000 இடம், குலுக்கல். அதையும் தாண்டி நிரந்தரவாச அட்டை கேட்டால், எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் நூற்றில் ஏழு பங்குக்கு மேல் கிடையாது என்கிறது சட்டம். நூற்று நாற்பது கோடி ஜனங்கள் உள்ள இந்தியாவுக்கும் அதே ஏழு. சில லட்சம் பேர் உள்ள சின்ன நாட்டுக்கும் அதே ஏழு. அதனால் நம்மவர்களின் வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீண்டு கிடக்கிறது.

ஆஸ்திரேலியாவில், படித்து முடித்தவர்களுக்கான விசாவின் பொது வயது வரம்பு ஐம்பதாக இருந்தது. 2024 ஜூலையில் முப்பத்தைந்தாகக் குறைத்தார்கள்.

சூதாட்டத்தில்கூட ஆட்டம் தொடங்கியபின் விதியை மாற்றமாட்டார்கள். இங்கே பணம் கட்டியபின் விதி மாறுகிறது.

லாபம் யாருக்கு?

இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவனிடம் ஒரு சர்வகலாசாலை முதல் பட்டப் படிப்புக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. 2025-26ல் அது வருஷத்துக்கு 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவனுக்கு வரம்பே கிடையாது. கல்விக்கு சர்க்கார் தர வேண்டிய பணத்தைத் தராமல் கையை விரிக்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பக் கள்ளக்குறிச்சியின் இரண்டு ஏக்கர் தேவைப்படுகிறது.

அடுத்தது கூலி. கனடாவில் மாணவர்கள் படிப்புக் காலத்தில் வாரம் இருபது மணி நேரம்தான் வெளி வேலை செய்யலாம் என்று விதி இருந்தது. 2022 நவம்பரில் அதைத் தளர்த்தினார்கள். மாணவர்களின் பசி தீரட்டும் என்றா? இல்லை. முதலாளிகளுக்கு ஆள் பற்றாக்குறை என்று சொல்லித்தான் தளர்த்தினார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் தளர்வு முடிந்தது. அந்த நவம்பரில் வாரம் இருபத்து நான்கு மணி நேரம் என்று நிர்ணயித்தார்கள். மடையைத் திறப்பதும் அடைப்பதும் வயலின் தேவைப்படி. தண்ணீரை யாரும் கேட்பதில்லை.

இந்த மணிக் கணக்கில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. கடன் நெருக்குகிறது, அனுமதித்த நேரத்தில் கிடைக்கும் கூலி வாடகைக்கே போதவில்லை. மாணவன் விதியை மீறி இரவிலும் வேலை செய்கிறான். மீறினான் என்பது முதலாளிக்குத் தெரியும். சட்டப்படியான கூலியைக் கேட்டால், “சொல்லிக் கொடுத்துவிடுவேன்” என்கிறான் முதலாளி. விசாவே வாய்ப்பூட்டாகிறது.

முன்பணம் வாங்கிக்கொண்டு கரும்பு வெட்டப் போன தோழர்களுக்கும், செங்கல் சூளைக்குப் போன தோழர்களுக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முன்பணம் வாங்கியவன் வாய் திறக்க முடியாது என்பது அவர்கள் பட்டு அறிந்தது. கல்வராயன் மலை மக்கள் இன்னும் நன்றாக அறிவார்கள். 1976 வரை அங்கே ஜாகீர்தார்களின் ஆட்சி. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷம்தான். படிக்கப் போனவனும் கொத்தடிமையும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. இவனைச் சங்கிலி போட்டுக் கட்டியவர் யாருமில்லை. நாளையே விமானம் ஏறி வந்துவிடலாம். ஆனால் வந்தால் நிலம் போகும். ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் ஈடு கேட்பது வங்கிகளின் பொதுவான வழக்கம். அந்த ஈடுதான் அவனைக் கட்டி வைக்கிறது.

பழைய கதை

உழைப்பை எடுத்துக்கொண்டு உழைப்பாளியைத் தள்ளிவிடுவது நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் கங்காணிகளின் பேச்சை நம்பி இலங்கைக்குப் போனார்கள். காட்டை வெட்டினார்கள், தேயிலையை வளர்த்தார்கள். 1948ல் இலங்கை சர்க்கார் கொண்டு வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேயிலை அங்கேயே இருந்தது. பறித்தவர்கள் கப்பல் ஏறினார்கள்.

இன்றைய கங்காணி கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறார். கையில் பிரம்பு இல்லை, வண்ணப் புத்தகம் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த நாடுகளில் வலதுசாரிகள் ஒரு பிரச்சாரம் செய்கிறார்கள்: வீட்டு வாடகை ஏறியதற்கும் வேலை கிடைக்காததற்கும் வெளிநாட்டு மாணவன்தான் காரணமாம். வாடகையை ஏற்றியது வீட்டுக்காரன். கூலியைக் குறைத்தது முதலாளி. பழி மட்டும் வந்தவன் தலையில். வடநாட்டுத் தொழிலாளி நம் ஆலைக்கு வந்தபோது இங்கேயும் சிலர் இப்படித்தான் பேசினார்கள். நம் பிள்ளைக்கு அங்கே எந்த நியாயத்தைக் கேட்கிறோமோ, அதே நியாயத்தை இங்கே அவனுக்கு நாம் தர வேண்டும்.

போராடியவர்கள் பெற்றார்கள்

மாணவர்கள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. ஏஜெண்டு கொடுத்த சேர்க்கைக் கடிதம் போலி என்று சொல்லி, கனடா சர்க்கார் பஞ்சாப் மாணவர்கள் பலரைத் திருப்பி அனுப்பப் பார்த்தது. 2023 மே, ஜூன் மாதங்களில் மிசிசாகா நகரில் அவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். நவ்ஜவான் சப்போர்ட் நெட்வொர்க் போன்ற அமைப்புகள் கூட நின்றன. ஜூன் மாதத்திலேயே மந்திரி இறங்கி வந்து வெளியேற்றத்தை நிறுத்தி வைத்தார்; ஏமாற்றப்பட்ட மாணவர்கள் தங்கியிருக்க வழி பிறந்தது. 2024ல் பிரின்ஸ் எட்வர்ட் தீவு என்ற மாகாணம் நிரந்தரவாச விதியை நடுவில் மாற்றியது. கடையிலும் ஓட்டலிலும் உழைத்தவர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். அந்த மே மாதம் இந்திய வாலிபர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். இதற்கெல்லாம் முன்னோடி உண்டு: 1938லேயே இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் நம் நாட்டுத் தொழிலாளர்கள் இந்தியத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். கடல் கடந்தாலும் சங்கம் சங்கம்தான்.

நாம் கேட்பது

வெளிநாட்டில் ஏழை வீட்டுப் பிள்ளை படிக்க வேண்டுமானால் நிலத்தை அடகு வைக்கும் வழி ஒன்றுதானா? இல்லை. பழங்குடி மாணவர்களுக்கு மத்திய சர்க்காரின் வெளிநாட்டு உதவித்தொகை உண்டு. நாடு முழுவதற்கும் வருஷத்துக்கு இருபதே இடம்! தாழ்த்தப்பட்டவர்களுக்கு முக்கியமாக உள்ள மற்றொரு திட்டத்தில் 125 இடம். அதில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியது நான்கு. கோடிக்கணக்கான விவசாயத் தொழிலாளர் உள்ள நாட்டில் நான்கு! 2025ல் இந்தத் திட்டத்தில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்து, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். தமிழ்நாட்டிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு வெளிநாட்டு மேற்படிப்பு உதவித்திட்டம் உண்டு. வெள்ளிமலையில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. உதவித்தொகை இடங்களைப் பல மடங்கு கூட்ட வேண்டும். விண்ணப்பம் மலைக் கிராமம்வரை வர வேண்டும். கல்வி ஏஜெண்டுகளுக்கு உரிமம், கட்டண வரம்பு, தண்டனை எல்லாம் கொண்ட கறாரான சட்டம் வேண்டும். பஞ்சாபில் 2012லேயே ஏஜெண்டுகளுக்கு உரிமம் கேட்கும் சட்டம் வந்தது. வேலையில்லாமல் திரும்புகிறவனின் கல்விக் கடனுக்கு நிவாரணம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படித்த பிள்ளைக்கு இங்கே வேலை வேண்டும். கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் இந்த மாவட்டத்தில் அவற்றைச் சார்ந்த தொழில்கள் பெருகினால், எந்தப் பிள்ளையும் ஊரைவிட்டு ஓட வேண்டியதில்லை. போகிறவன் ஆசைப்பட்டுப் போவான்.

கடைசியாக, அந்தத் தோழருக்கு என்ன சொன்னோம்? “ஏஜெண்டிடம் ஒன்று கேளுங்கள். நிரந்தரவாச உரிமை வாங்கித் தருகிறேன், தவறினால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று முத்திரைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்” என்றோம். அவர் போய்க் கேட்டார். ஏஜெண்டு சிரித்தாராம். “சிரிச்சதே பதில் சொல்லிடுச்சு தோழர்” என்று திரும்பி வந்து சொன்னார்.

நிலம் ஈடு போகவில்லை. மகன் படிக்கும் ஆசையையும் விடவில்லை. உதவித்தொகை விண்ணப்பத்தை நம் சங்க ஆபீசில் உட்கார்ந்துதான் நிரப்பினான். கிடைத்தால் சுதந்திர மனிதனாகப் போவான். கிடைக்காவிட்டால் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்க அவன் தனியாக நிற்க வேண்டியதில்லை. அவன் தகப்பனாருடைய சங்கமும், இங்கே கூடியிருக்கும் நீங்களும் கூட நிற்பீர்கள்.