அளவை முதலில், பெயர் பின்னர்

சித்தூர் வட்டத்து உழவர் பெருமக்களுக்கு அளவையின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்படிக்கையின்படி, சித்தூர்ப்புழைப் பள்ளத்தாக்கின் பாசனத்திற்கென ஆண்டொன்றுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு அணைக்கட்டில் அளந்து விடப்படவேண்டும். தமிழ்நாடும் கேரளமும் 1970ஆம் ஆண்டில் ஒப்பமிட்ட அவ்வுடன்படிக்கையைக் குறித்து வாதங்கள் எழாமல் இல்லை. ஆயினும், எவ்வளவு அளப்பது, எவ்விடத்தில் அளப்பது என்னும் இரண்டும் எழுத்தில் இருப்பதனால், வாதம் எதைப் பற்றியது என்பதேனும் இரு சாராருக்கும் விளங்குகின்றது. அளவை தெளிவுபடாத இடத்திலோ வாதம் வெறும் கூச்சலாக முடிகின்றது.

அத்தகைய கூச்சல் ஒன்றை இந்நாளில் நம் இல்லங்களிலேயே கேட்கின்றோம். இளைஞர்கள் சிலர் கூடிக் கணிப்பொறியில் கற்பனை ஹாக்கி லீக் ஒன்றை அமைக்கின்றனர். மெய்யான ஆட்டக்காரர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இடுகின்றனர். அம்மதிப்பெண்களைக் கொண்டே பொறி ஆட்டத்தை நடத்தி முடிவு கூறுகின்றது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை மத்திய அரசு 2025ஆம் ஆண்டில் சட்டத்தால் தடுத்துவிட்டது. நாம் சொல்வது பணமின்றி நண்பர்கள் பொழுதுபோக்காக ஆடுவதையே. அங்கும், “இவருக்கு 88 போதாது, 91 வேண்டும்” என்று நள்ளிரவு வரை வழக்காடுகின்றனர். மூன்று எண்களில் வெற்றியே மாறிவிடக் கூடுமாதலால், வழக்கு வீண் என்று தள்ளிவிட இயலாது. ஆனால் அவர்கள் எண்ணைப் பற்றி வாதிடுகின்றனரே ஒழிய, எண்ணைப் பிறப்பித்த அளவையைப் பற்றி வாதிடுவதில்லை.

அளவை மாறினால் ஆளின் மதிப்பும் மாறும் என்பதற்கு மெய்யான ஆட்டமே சான்று. 2013இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக்கில், 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும், ஓட்ட ஆட்டத்தில் அடிக்கும் கோல் ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கிடப்பட்டது. பெனால்டி கார்னரில் அடிக்கும் கோலோ ஒன்றாகவே நின்றது. ஆட்டக்காரர் எவரும் ஓரிரவில் வல்லவராகவோ மெலியவராகவோ ஆகிவிடவில்லை. விதி மாறியது, முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவரின் விலைமதிப்பு உயர்ந்தது. அவ்வளவே.

மற்றொன்றையும் நோக்குவோம். ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பின் அந்த லீக் மீண்டும் தொடங்கியபோது, 2024 அக்டோபரில் தில்லியில் ஆட்டக்காரர் ஏலம் நடந்தது. பெனால்டி கார்னரில் வல்லவரான ஹர்மன்ப்ரீத் சிங் 78 லட்சம் ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். அயர்லாந்தின் கோல்காப்பாளர் டேவிட் ஹார்ட்டைத் தமிழ்நாட்டு அணி 32 லட்சத்திற்கு எடுத்தது. கோலை அடிப்பவருக்கும் தடுப்பவருக்கும் இடையே இத்துணை தூரம்! அடித்த கோல் பலகையில் எழுதப்படுகின்றது. தடுத்த கோலுக்குப் பலகையில் இடமில்லை. எண்ணுவதற்கு எளிதானதே எண்ணப்படுகின்றது. எண்ணப்படுவதே உயர்வெனக் கொள்ளப்படுகின்றது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது புதிதன்று. ஆணையொன்றில் பொருள் பிறழாமல் காத்த சொல்லை எவரும் கண்டு பாராட்டுவதில்லை. பிறழ்ந்த சொல்லே கண்ணிற்படும். கணக்கு எழுதுவோர், இரவுக் காவல் புரிவோர், அடுப்படியில் நிற்போர் யாவருக்கும் இந்நிலைமை பொதுவானது.

கேரள மண்ணிற்கு இது தனிப்பட்ட முறையிலும் பொருந்துகின்றது. இம்மண்ணிலிருந்து சென்று ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்கம் பெற்ற இருவரும் கோல்காப்பாளர்களே. ஒருவர் 1972இல் மியூனிக்கில் வெண்கலம் பெற்ற கண்ணூரின் மானுவல் ஃபிரெடரிக்; மற்றவர் எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலத்தைச் சேர்ந்த பி. ஆர். ஸ்ரீஜேஷ். 2021இல் டோக்கியோவில் ஜெர்மனியை 5–4 என வென்ற ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் எதிரிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்கு ஹாக்கிப் பதக்கம் கிட்டியது. 2024இல் பாரிஸில் பிரிட்டனுக்கு எதிராக இந்திய அணி நாற்பது நிமிடங்களுக்கு மேல் பத்துப் பேருடனே ஆடி 1–1 எனத் தாக்குப்பிடித்து, பின்னர் ஷூட்-அவுட்டில் 4–2 என வென்றது. அடித்த கோலை மட்டும் எண்ணும் அளவை அந்த ஆட்டத்தின் கதையைச் சொல்லுமா?

இதைக் கேட்டு நாம் மகிழ்வது இயல்பு. ஆனால் மகிழ்ச்சியே அளவையாகிவிடலாகாது. 2021ஆம் ஆண்டில் உலக ஹாக்கிச் சம்மேளனம் வழங்கிய எட்டு விருதுகளும் இந்தியாவுக்கே கிடைத்தன. சிறந்த கோல்காப்பாளர் விருது ஸ்ரீஜேஷுக்கு வந்தது. அதே ஆண்டில் ஒலிம்பிக் தங்கம் வென்ற பெல்ஜியத்திற்கு ஒன்றுகூடக் கிட்டவில்லை. இறுதி ஆட்டத்தின் ஷூட்-அவுட்டில் அந்நாட்டைக் காத்த வின்சென்ட் வனாஷுக்கும் இல்லை. பெல்ஜியச் சங்கம் தன் ஏமாற்றத்தை வெளிப்படையாகவே கூறியது. விருதுகள் வாக்கினால் முடிவு செய்யப்பட்டவை; ரசிகர் வாக்கும் அதில் ஒரு பங்கு. ஸ்ரீஜேஷ் தகுதியற்றவர் என்று எவரும் சொல்லார். ஆயினும், எட்டும் பெல்ஜியத்துக்கே போய், வெண்கலம் வென்ற நமக்கு ஒன்றும் வராதிருந்தால் நாம் வாளாவிருந்திருப்போமா? இவ்வினாவை நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது சற்றுக் கடினமான சோதனைதான். ஊரைப் பிரிந்திருப்பவர்க்கு ஊர்ப்பற்று மிகும். ஆட்டக்காரர் பட்டியலில் கோவில்பட்டி என்றோ பாலக்காடு என்றோ ஒரு பெயர் கண்டால், கை தானே ஐந்து மதிப்பெண் கூட்டிவிடும். அன்பு குற்றமன்று, அன்பை எண்ணாக எழுதி, அதை நியாயம் என்று பெயரிடுவதே குற்றம். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் பணியிலும் பிறர் தம் ஊராருக்கென்று ஐந்து கூட்டினால் நாம் வருந்துகின்றோம் அல்லவா? அதே முறையை விளையாட்டில் நாமே பயில்வது எங்ஙனம் பொருந்தும்?

ஆதலால் நம் இளைஞர்களுக்கு மூன்று வழிகளைக் கூறலாம். முதலாவது, ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லும் முன்னரே அளவையை எழுதி வையுங்கள்: ஓட்டத்திற்கு எத்துணை, பந்தைக் கைம்மாற்றுவதற்கு எத்துணை, தடுப்பதற்கு எத்துணை என்று. இரண்டாவது, காப்பவரை அடிப்பவரின் கோலால் அளக்காதீர்கள். அவருக்கென்று தனி அளவை வையுங்கள். மூன்றாவது, நீங்கள் மிக விரும்பும் பெயரையும் நீங்கள் வெறுக்கும் அணியின் பெயரையும் அதே அளவையில் நிறுத்துப் பாருங்கள். விடை பிடிக்கவில்லையெனில் அளவையைத் திருத்தலாம். ஆனால் திருத்திய அளவை பட்டியலில் உள்ள எல்லோருக்கும் பொருந்தவேண்டும்.

இவ்வாறு வாதிடப் பழகிய இளைஞர், நாளை ஓர் அலுவலகத்தில் அமர்ந்து மெய்யான மனிதர்களுக்கு மதிப்பெண் இட நேருங்கால், எவர் ஊர் எது என்று பார்க்கமாட்டார். பேசாமல் தம் கடமையைச் செய்த ஒருவரின் பெயரும் அவர் ஏட்டில் விடுபடாது.