புது பேட்டரி வாங்குமுன்...



தாத்தா ஆசையாய் ஓட்டிய மோரிஸ் மைனர் ஞாயிறு காலை கிளம்ப மறுத்தால், பலரும் உடனே புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். சில வாரங்களில் அதுவும் படுத்துவிடுகிறது. குற்றம் பேட்டரியிலா, அதற்கு மின்சாரம் ஊட்டும் டைனமோவிலா?

முதலில் ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள், தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். பேட்டரி முனைகளில் பூத்த உப்பைத் துடையுங்கள். அதன்பின் இன்ஜினை முடுக்கியும் சிவப்பு விளக்கு அணையவில்லையா? சார்ஜ் ஏறவில்லை என்று பொருள்.

அடுத்து, இன்ஜினை நிறுத்தி, டைனமோவின் இரண்டு கம்பிகளையும் கழற்றுங்கள். அந்த இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அங்கிருந்து டைனமோவின் உடலுக்கு வோல்ட் மீட்டரைப் பொருத்துங்கள். பெரும்பாலான மைனர்களில் பேட்டரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைந்திருக்கும். எனவே முள் பின்னோக்கிப் போனால் மீட்டர் கம்பிகளை மாற்றுங்கள்.

இன்ஜினை மெல்ல முடுக்கினால் முள் சீராக 20 வோல்ட் வரை ஏற வேண்டும். அதற்கு மேல் முடுக்காதீர்கள். ஏறினால் டைனமோ நலம். கோளாறு வயரிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியிலோதான். ஏறாவிட்டால், முதலில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பத்து நிமிடச் சோதனை பேட்டரி காசை மிச்சப்படுத்தும். இரவுப் பயணத்தில் விளக்கு மங்கி, குடும்பத்தோடு நடுவழியில் நிற்கும் ஆபத்தையும் தவிர்க்கும்.