மூன்று வாரக் கெடு



ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஐஃபெல் மலைநாட்டில், வொல்சைஃபன் என்று ஓர் ஊர் இருந்தது. ஏறத்தாழ 550 பேர். உழவும் கால்நடையும்தான் பிழைப்பு. ஊர் நடுவே புனித ரோக்கு தேவாலயம். கொள்ளைநோயிலிருந்து காக்கும் புனிதர் அவர். நூற்றாண்டுக் கணக்கில் அந்த மேட்டுநிலக் குளிரைத் தாங்கி வாழ்ந்த ஊர், ஒரே ஓர் உத்தரவில் அழிந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வினை எங்கே தொடங்கியது? 1934-ல், பக்கத்து மலைச்சரிவில். நாஜிக் கட்சி தன் நாளைய தலைவர்களைப் பயிற்றுவிக்க அங்கே ஃபோகல்சாங் என்ற பெருங்கோட்டையைக் கட்டத் தொடங்கியது. 1936-ல் அது ஹிட்லரிடம் ஒப்படைக்கப்பட்டது. இப்படியொரு கட்டடம் பக்கத்தில் எழுந்தால் பின்னாளில் தம் வீட்டுக்கே கேடு வரும் என்று அந்த உழவர்களில் யார் நினைத்திருப்பார்கள்?

போர் வந்தது. 1944-ன் பிற்பகுதியில் போர்முனை அந்த மலைக்காடுகளுக்கே வந்துவிட்டது. வீடுகள் சேதமாயின. போர் முடிந்ததும் மக்கள் தங்கள் ஊரைச் செப்பனிட்டார்கள். அப்பாடா, இனி அமைதி என்று மூச்சு விட்ட நேரம். 1946 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ராணுவம் ஆணை பிறப்பித்தது: செப்டம்பர் 1-க்குள் எல்லோரும் வெளியேற வேண்டும்! மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. அவர்களுக்குக் கோட்டை பாசறையாக வேண்டும். அதைச் சுற்றிய நிலம் பயிற்சிக் களமாக வேண்டும். ஊர் அந்தக் களத்துக்குள் சிக்கிக்கொண்டது.

எண்ணிப் பாருங்கள், பெரியோர்களே. குண்டுமழையில் தப்பிப் பிழைத்த ஊர், சமாதான காலத்தில் போனது. கொஞ்ச காலத்தில் திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் பலர் வண்டி கட்டினார்கள். அவர்கள் போன பிறகு அவர்களுடைய வீடுகளே பீரங்கிக்கு இலக்காயின. தேவாலயம் தீக்கிரையானது. 1950-ல் பெல்ஜிய ராணுவம் களத்தை ஏற்றுக்கொண்டது. தெருச்சண்டை பழகுவதற்காக, கதவில்லாத, சன்னலில்லாத கான்கிரீட் வீடுகளை அங்கே எழுப்பினார்கள். உண்மையான வீடுகள் நின்ற மண்ணில், யாரும் குடியிருக்கவே போகாத வீடுகள்! இன்றும் அவை நிற்கின்றன.

2005 முடிவில் பெல்ஜிய வீரர்கள் வெளியேறினார்கள். 2006 தொடக்கத்தில் வழி திறந்தது. அப்போது ஊரில் மிஞ்சியவை தேவாலயத்தின் சுவர்கள், பள்ளிக்கூடம், ஒரு சிறிய மின்மாற்றி நிலையம், ஏறக்குறைய அவ்வளவுதான். கோட்டையோ பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக நிற்கிறது. அங்கே நாஜிக் கொடுமையை விளக்கும் ஆவண மையம் இருக்கிறது. அது வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் கட்டியவர்களின் கோட்டை நிற்க, கதிர் அறுத்தவர்களின் ஊர் தரைமட்டமானதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த ஊர் இருந்த மேட்டுக்கும் நடந்து போனால்தான் அந்த வரலாறு முழுமையாகும்.

ஊர்க்காரர்களும் அவர்களின் பிள்ளைகளும் விட்டுவிடவில்லை. சுற்றுவட்டாரத்தில் சிதறிப்போனவர்கள் ஒன்றுகூடினார்கள். தேவாலயத்துக்கு மீண்டும் கூரை வந்தது. பள்ளிக்கூடத்தில் ஊரின் கதையைச் சொல்லும் கண்காட்சி வைத்தார்கள். இன்று எவரும் நடந்துபோய்ப் பார்க்கலாம். அந்த மேட்டுநிலம் இப்போது ஐஃபெல் தேசியப் பூங்காவின் பகுதி.

ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வையுங்கள். 1946-ல் பத்து வயதில் வெளியேறிய பிள்ளைக்கு, வழி திறந்தபோது எழுபது வயது. அன்று ஏர் பிடித்திருந்தவர்களில் பெரும்பாலோர் மண்ணுக்குள் போயிருப்பார்கள். எந்த வயலுக்கு என்ன பெயர், எந்தக் கிணற்றில் கோடையிலும் நீர் ஊறும், எந்த வீட்டில் எந்த வேளாண் கருவி இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களோடு போயிற்று.

இளைஞர்களே, உங்கள் தெருவில் எண்பது கடந்தவர்கள் இருக்கிறார்களா? இந்த வாரமே ஒரு குறிப்பேட்டோடு போய் உட்காருங்கள். ஊரில் உள்ள வயல், குளம், வாய்க்கால், களம் எல்லாவற்றின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். எழுதியதில் ஒரு படி நம் நூலகத்துக்குக் கொடுங்கள்.