நீலத் துணியும் அடிமை வாணிகமும்



விழுப்புரத்தை அடுத்த காணை என் ஊர். அவுரி இலையை ஊறவைத்து நீலச் சாயம் எடுப்பது எங்கள் வட்டாரத்தின் பழந்தொழில். நீலம் தோய்த்த பருத்தித் துணி புதுச்சேரியில் கப்பலேறிக் கடல் கடந்து விலைபோயிற்று என்று இளமையில் கேட்டுப் பெருமிதம் கொண்டேன். அது எங்கே சென்றது என்று மட்டும் கேட்டேனில்லை. பின்னர் வரலாற்று நூல்களைப் பயின்றபோதுதான் விடை கிடைத்தது.

அத்துணிக்குக் ‘கினி’ என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வணிகர் அதனை மேற்கு ஆப்பிரிக்காவிற்குக் கொண்டு சென்றனர். அங்கே துணியைக் கொடுத்து மனிதரை வாங்கினர். வாங்கிய மனிதரைக் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு விற்றனர்.

அங்ஙனமாயின் நம் நெசவாளர் குற்றவாளிகளோ? அல்லர். கூலிக்கு நெய்த அவர்கள், தம் துணி ஒரு மனிதனுக்கு விலையாகும் என்பதை அறியார். அறிந்தவர் கப்பல் வணிகர், ஊதியமும் அவர்களுக்கே.

அமெரிக்காவின் வடமாநிலத்தாரோ அறிந்தே ஊதியம் பெற்றனர். 1804க்குள் அம்மாநிலங்கள் யாவும் தம் எல்லைக்குள் அடிமை முறையை ஒழிக்க வழி செய்துவிட்டன. ஆயினும் மாசச்சூசெட்சு மாநிலத்து லோவெல் ஆலைகள், தென்மாநில அடிமைகள் பறித்த பஞ்சையே நூற்றன. ரோட் தீவு ஆலைகள் அடிமைகள் உடுப்பதற்கென்றே முரட்டுத் துணி நெய்தன. நியூயார்க் வணிகர் பண்ணை முதலாளிகளுக்குக் கடன் கொடுத்தனர். பஞ்சு வாணிகத்தில் தரகும் பெற்றனர். 1861 சனவரியில், தெற்கத்திய வாணிகம் கெடாதிருக்க நியூயார்க் நகரமே ஐக்கிய நாடுகளை விட்டுப் பிரியலாம் என்றார் அந்நகர மேயர் பெர்னாண்டோ வுட்!

ஆகவே, சாட்டை ஏந்தியவனோடு அடிமை முறையின் கணக்கு முடிந்துவிடுவதில்லை. பஞ்சை வாங்கியவர், கடன் கொடுத்தவர், துணி விற்றவர் ஆகிய அனைவர் பெயரும் அக்கணக்கில் உண்டு.

இஃது எங்கோ நடந்த பழங்கதை என எண்ணற்க. நம் நாட்டில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் நிறைவேறியது. அதன் பின்னரும் நம் மாநிலத்துச் செங்கற்சூளைகளிலிருந்து கொத்தடிமைகள் மீட்கப்பட்டுள்ளனர். அச்சூளைச் செங்கல்லால் எழுந்த வீட்டில் வாழ்பவர், தாம் யாரையும் அடிமை கொள்ளவில்லை என்று அமைதி கொள்ளலாமா?

எங்கள் ஊர்ப்புறத்துத் துணி எங்கே சென்றது என்று நான் கேட்கத் தவறினேன். உங்கள் கைக்கு வரும் பொருள் எவ்வாறு வந்தது என்று நீங்கள் கேளுங்கள்.