நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும்

இன்று பட்டம் வாங்கும் செல்வங்கள் அனைவருக்கும் என் வாழ்த்துகள்.

பாசனப் பொறியாளனாக வேலையைத் தொடங்கி, பிறகு ஊரகச் சுற்றுலாத் திட்டங்களுக்கு ஆலோசகனானவன் நான். சேலத்தில் படித்தபோது ஆடிப்பெருக்குக்கு நண்பர்களோடு பஸ் ஏறி மேட்டூர் வருவோம். காவிரியில் ஒரு முழுக்கு, அணைக்கட்டு முனியப்பனுக்கு ஒரு கும்பிடு, பூங்காப் பக்கம் சுடச்சுட மீன் வறுவல். அணைக்கு மேற்புறத்து ஊர்களை வேலைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். அவற்றில் பண்ணவாடி என் மனதை விட்டுப் போகவே இல்லை.

1925-ல் தொடங்கி 1934-ல் முடித்த அணை மேட்டூர். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காவிரி டெல்டாவில் நெல் விளைய, இங்கே ஊரைக் காலி செய்து மேட்டுக்கு ஏறியவர்கள் பண்ணவாடி மக்கள். அவர்கள் விட்டுவந்த ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் இரட்டைக் கோபுர தேவாலயமும் தண்ணீர் நன்றாக வற்றும்போது வெளியே தெரியும். செய்தி பரவியதும் கார்கள் வரிசை கட்டும்.

வருகிறவர்கள் நந்தியைப் பார்க்கிறார்கள். நீங்கள் கரையைப் பாருங்கள். அணை ததும்பினால் வலையும் பரிசலும்: கட்லா, ரோகு பிடிப்பார்கள், அக்கரை நாகமரைக்கு ஆளேற்றுவார்கள். தண்ணீர் இறங்க இறங்க, வெளிப்படும் வண்டலில் சோளம், கம்பு, எள் விதைப்பார்கள். டெல்டா விவசாயி தண்ணீர் ஏறாதா என்று ஏங்கும் அதே நாளில், ஏறுவதற்குள் அறுத்துவிட வேண்டுமே என்று இவர்கள் பதறுவார்கள். 2017-ல், வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 அன்று அணையைத் திறக்க முடியவில்லை. மறு வருடம் ஜூலை 23-லேயே அணை நிரம்பியது. இரண்டையும் தாங்கி நின்ற ஊர் இது. ஒரு தொழில் படுத்தபோது இன்னொன்று கைகொடுத்தது.

இதற்கு மாறாக, சுற்றுலாவை நம்பியிருக்கும் ஒகேனக்கல் அருவியை நினைத்துப் பாருங்கள். நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை. பரிசல் ஓட்டுபவர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், மீன் சமைத்துக் கொடுப்பவர் எல்லோருக்கும் ஒரே நாளில் வருமானம் நின்றுபோகிறது. 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் நின்றது. சுற்றுலா ஊருக்குக் கூடுதல் தொழிலாக வரட்டும், இருக்கிற தொழிலைத் தின்றுவிட்டு வர வேண்டாம். இதை எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

பண்ணவாடியில் நந்தி தெரிகிற காலம்தான் அந்த மண்ணில் பயிர் நிற்கும் காலமும். எள் செடிகளுக்கு நடுவே கார் இறங்கிப்போன சக்கரத் தடத்தைக் கண்ணால் பார்த்தேன். எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கெடுக்கும் திட்ட அறிக்கையில் அந்தத் தடம் ஏறாது. வண்டிகளை மேட்டிலேயே நிறுத்தி, வரப்பு வழியாக ஊர்ப் பிள்ளைகள் கூட்டிப்போனால் பயிரும் பிழைக்கும், கட்டணமும் ஊரில் தங்கும். அந்தக் கம்பிலேயே மகளிர் குழு கூழ் காய்ச்சிக் கொடுக்கலாம். சேத்துமடை வழியாகப் போகும் பரம்பிக்குளத்தில் பழங்குடி வழிகாட்டிகள்தான் வருகிறவர்களை அழைத்துப் போகிறார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

இதையெல்லாம் ஊரே முடிவு செய்ய ஒரு இடம் உண்டு: நம் மாநிலத்தில் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள். அவற்றில் ஒன்று கூடுவது உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று. அடுத்த மார்ச்சில் உங்கள் ஊர்ச் சபைக்குப் போங்கள். வண்டி எங்கே நிற்கும், கட்டணம் யார் கைக்குப் போகும், தண்ணீர் ஏறிவிட்டால் யாருக்கு என்ன வேலை என்ற மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். வரைபடம் போட ஆள் தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.