மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

   

கடவுள் நம்பிக்கையற்ற இளைஞர்கள் நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் 'மதம்' என்ற கட்டம் வரும்பொழுது வேடிக்கையாக ஏதேனும் எழுதினால் என்ன என்று அவர்கள் கேட்கிறார்கள். இதனைக் குறும்பு என்று ஒதுக்கிவிடாமல் இன்று சற்றே ஆராய்வோம்.

நகைப்பதற்கென்றே படைக்கப்பட்ட மதங்கள் உலகில் உள்ளன. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், உயிர்களைப் பேரறிவு ஒன்று வடிவமைத்தது என்னும் கருத்துக்கு அறிவியல் வகுப்பில் இடம் தர முயற்சி நடந்தது. பாபி ஹெண்டர்சன் என்ற இளைஞர் அம்மாநிலக் கல்வி வாரியத்துக்கு ஒரு மடல் விடுத்தார். உலகைப் படைத்தது ஒரு பறக்கும் பூதம். அதன் உடலோ நம் இடியாப்பத்தை ஒத்த மாவுப் பண்டத்தால் ஆனது. அதனையும் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். அதுவே ஒரு கேலி மதமாக வளர்ந்தது. 2011-இல் ஆஸ்திரியாவில் நிக்கோ அல்ம் என்பவர், அப்பண்டத்தை வடிக்கும் பாத்திரத்தைத் தம் மதத்தின் தலையணி என்று கூறி, அதனைத் தலையில் கவிழ்த்த படத்துடன் ஓட்டுநர் உரிமம் பெற்றார். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 3,90,127 பேர், திரைப்படத்தில் வரும் 'ஜெடாய்' வீரர்களின் நெறியே தம் மதம் என்று எழுதினர்.

சடங்கைத் தலைகீழாக்கிக் காட்டும் முறை தமிழகத்துக்குப் புதிதன்று. 1974 டிசம்பர் 25-ஆம் நாள் சென்னைப் பெரியார் திடலில், அன்னை மணியம்மையார் தலைமையில் இராவண லீலா நடைபெற்றது. வடநாட்டு இராமலீலாவில் இராவணன் உருவம் எரிக்கப்படுவதற்கு மறுமொழியாக, இங்கே இராமன், இலக்குவன், சீதை உருவங்கள் எரிக்கப்பட்டன. அரக்கன் என்று பெயர் சூட்டும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினா அதில் அடங்கியிருந்தது.

ஆயினும் நம் மக்களின் நிலை வேறு. 1939 சூலை 8-ஆம் நாள்தான் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். அன்று நம் பள்ளத்தாக்கு மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவன் 'நான் வழிபட மாட்டேன்' என்றால் அதனைக் கேட்பார் யார்? கதவு திறந்த பின்னரே உள்ளே செல்வதும் செல்லாமையும் அவன் விருப்பமாகின்றன. நம்பாமையும் நம் முன்னோர் போராட்டத்தால் நமக்குக் கிட்டிய உரிமையே. அண்ணல் அம்பேத்கர் 'இந்துவாக இறக்க மாட்டேன்' என்று 1935-இல் அறிவித்து, 1956-இல்தான் பௌத்தம் தழுவினார். இருபத்தோராண்டு அவர் எண்ணிப் பார்த்த வினா அது.

சட்டத்தையும் நோக்குவோம். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான நம் உறவினர் இன்னும் வெளியே நிற்கின்றனர். இந்நிலையில், இலண்டன் இளைஞன் 'ஜெடாய்' என்று எழுதினால் அவன் இழப்பது ஒன்றுமில்லை. நம் வீட்டுப் பிள்ளை எழுதினால் அவனுடைய உதவித்தொகையும் இடஒதுக்கீடும் கேள்விக்கு உள்ளாகலாம். ஒரே நகைச்சுவைக்கு இருவர் கொடுக்கும் விலை ஒன்றாக இல்லை.

பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் குறிப்பிட விரும்பாதோர் அவ்வாறே விடலாம் என்று தமிழக அரசு 1973-இலும் 2000-இலும் ஆணையிட்டது. 2019-இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா, சாதி மதம் அற்றவர் என்ற சான்றிதழையே பெற்றார். அத்துணிவை நாம் போற்றுகிறோம். எனினும் பெற்றோர்களே, சலுகையை நம்பிப் படிக்கும் பிள்ளையின் கட்டத்தை விளையாட்டுக்காக வெறுமையாக விடாதீர்கள். சாதிச் சான்றிதழ் என்பது நமக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு அரசு தந்துள்ள ஒப்புகைச் சீட்டு. பிள்ளையின் மனத்தில் இருப்பதை அது கூறுவதில்லை, கூறவும் இயலாது.

அவ்வாறாயின் நம்பாத இளைஞன் ஊரோடு எவ்வாறு ஒட்டி வாழ்வது? வழி நம் மண்ணிலேயே உள்ளது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னி குயிக்கின் பிறந்த நாளாகிய சனவரி 15-இல் இங்கே பொங்கல் வைக்கிறார்கள். வீடுகளில் சாமி படங்களின் அருகே அப்பொறியாளரின் படமும் தொங்குகிறது. அவர் எம்மதத்தவர் என்று எவரும் கேட்பதில்லை. நம்புகிறவர் கற்பூரம் ஏற்றட்டும். நம்பாதவர் அடுப்புக்கு விறகு தள்ளட்டும். நன்றிக்கு மதம் வேண்டுவதில்லை.

மாணவச் செல்வங்களே! சிரியுங்கள், கேள்வி கேளுங்கள். ஆனால் எளியவரின் நம்பிக்கையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர்களை வாசலில் நிறுத்திய ஆணவத்தைப் பார்த்துச் சிரியுங்கள். முதலில் படித்து முடியுங்கள். எந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் உங்கள் சோற்றுக்குக் கேடு வராத நிலையை எட்டுங்கள். அந்நிலைக்கு உங்களை உயர்த்தவே இச்சங்கம் 25 ஆண்டுகள் உழைத்துள்ளது.