சொல்லுக்கு வேலியா?



சொல் யாருடைய உடைமை? விண்வெளிப் போர்வீரரைக் குறிக்கும் ‘ஸ்பேஸ் மெரீன்’ என்னும் தொடர், 1932ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிவியல் புனைகதையில் இடம்பெற்றது. பின்னாளில் அதனைத் தன் போர் விளையாட்டுகளுக்கு வணிகக்குறியாகப் பதிவு செய்தது பிரித்தானிய நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப். அதன் முறையீட்டால், 2012 டிசம்பரில் ஹோகார்த் என்னும் எழுத்தாளரின் ‘ஸ்பாட்ஸ் தி ஸ்பேஸ் மெரீன்’ மின்னூலை அமேசான் நீக்கியது. வழக்காட அவரிடம் பொருளில்லை. எழுத்துலகம் கண்டித்தது; உரிமை அமைப்பொன்று துணைநின்றது; 2013 பிப்ரவரியில் நூல் மீண்டது.

வணிகக்குறி, சரக்கு எவருடையது எனக் காட்டும் அடையாளமே. சொல்லின்மேல் முழு ஆட்சியுரிமை அன்று. 1920இல் காரெல் சாபெக்கின் நாடகம் தந்த ‘ரோபோ’ வேலியின்றி வளர்ந்ததாலன்றோ உலகமொழிகள் அதனை எடுத்தாண்டன? துணையற்ற எழுத்தாளர் அச்சத்தால் ஒரு சொல்லைக் கைவிடின், இழப்பு மொழிக்கே. பொதுச்சொல்லைக் காத்தல் கவிஞர் கடன்.